மூக்கில் மூன்றாவது ஓட்டை வேண்டாம்

கேள்வி: உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைக் கட்டி வருகிறேன். முழுக்க அலுமினியம். இன்ஜின் லைகமிங் ஓ-320, 150 குதிரைத்திறன், முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவரால் முடிந்து வந்தது. போன வாரம் இன்ஜினை மூடும் கூடான கவுலிங்கை மாட்டி முதல்முறையாக ஓட்டிப் பார்த்தோம். 1800 ஆர்பிஎம்மில் பன்னிரண்டு நிமிடம். 1, 2 சிலிண்டர்கள் 180 டிகிரியை ஒட்டி நின்றன. 3ஆவது 232, 4ஆவது 221 வரை போய்விட்டன. ஆயில் 112. பயந்து அணைத்துவிட்டோம்.

முன்னால் காற்று நுழையும் வாய் இரண்டும் சேர்த்து 380 சதுர செ.மீ. கீழே வெளியேறும் வழி 52 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். எக்ஸாஸ்ட் குழாய் இரண்டும் அதன் வழியாகத்தான் போகின்றன. என் மச்சான் பாம்பனில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ப்ரொப்பெல்லர் நடுவிலுள்ள கூம்பு மூடியான ஸ்பின்னருக்குக் கீழே இன்னொரு வாய் வெட்டி, உள்ளே ஒரு கார் ரேடியேட்டர் ஃபேனும் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். காற்றைச் சிலிண்டர்கள் பக்கம் திருப்பும் பேஃபிள் தகடுகளை 2 மி.மீ. கனத்தில் மாற்றி, ஓரத்துக்கு லாரி டியூப் ரப்பர் வைக்கலாமா? இந்த உப்புக் காற்றுக்கு என்ன செய்வது?

பதில்: வெட்ட வேண்டாம். ஸ்பின்னருக்குக் கீழே மூன்றாவது வாய் திறந்தால் உங்கள் இன்ஜின் இப்போது இருப்பதைவிட அதிகமாகத்தான் சூடாகும்.

விசைப்படகில் பம்ப் இருக்கிறது. அது கடல்நீரை இழுத்துத் தள்ளுகிறது. வழி பெரிதானால் தண்ணீர் கூடும். உங்கள் மச்சான் சொல்வது அங்கே சரி. இங்கே பம்ப் கிடையாது. சிலிண்டர்களுக்கு மேலே உள்ள அறையில் காற்றழுத்தம் கூடுதல், கீழே உள்ள அறையில் குறைவு. இந்த வித்தியாசம் ஒன்றுதான் சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய குளிர்விப்புத் தகடுகளான ஃபின்களின் இடுக்கு வழியே காற்றைக் கீழே இறக்குகிறது. ஸ்பின்னருக்குக் கீழே வெட்டும் வாய் நேராகக் கீழ் அறைக்குள் திறக்கும். அங்கே அழுத்தம் ஏறினால் வித்தியாசம் குறையும், ஃபின்களுக்கு நடுவே ஓடும் காற்றும் குறையும். வாசல் கதவை அகலத் திறந்துவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்திய வீட்டுக்குள் ஆடிக் காற்றுகூட நுழையாது. உங்களிடம் சாத்தியிருப்பது கொல்லைக் கதவு.

நீங்கள் கொடுத்த அளவிலேயே அது தெரிகிறது. வெளியேறும் வழி 52க்கு 5, ஆக 260 சதுர செ.மீ. அதில் எக்ஸாஸ்ட் குழாய் இரண்டு அடைத்துக்கொண்டிருக்கின்றன. குழாய் 45 மி.மீ. விட்டம் என்று வைத்தால் ஒன்றுக்கு 16, இரண்டுக்கு 32. மிச்சம் 228. நுழைவு 380, வெளியேற்றம் 228. உள்ளே வரும் காற்று 60 டிகிரி சூடாகி, விரிந்து, பருமன் கூடித்தான் வெளியேற வேண்டும். அதற்கு நுழைவைவிடப் பெரிய வழி வேண்டும். உங்களிடம் இருப்பது நுழைவில் ஐந்தில் மூன்று பங்கு. இந்த மாதிரி மெதுவாக ஏறும் விமானத்துக்கு நுழைவைப்போல 1.2 முதல் 1.4 மடங்கு வரை வெளியேற்றம் வைத்துத் தொடங்குவது வழக்கம். 150 குதிரைத்திறனுக்கு 340 சதுர செ.மீ. நுழைவே போதும். உங்கள் 380 தாராளம். முன்பக்கம் கை வைக்கத் தேவையே இல்லை.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். முழுத் திறனில் இந்த இன்ஜின் மணிக்கு 47 லிட்டர் அளவில் பெட்ரோல் குடிக்கும். அதில் உள்ள வெப்பம் 400 கிலோவாட்டுக்குச் சற்று மேல். ப்ரொப்பெல்லருக்குப் போவது 112 கிலோவாட். பெரும்பங்கு எக்ஸாஸ்டில் போய்விடும். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, 50 கிலோவாட், சிலிண்டர் ஃபின்கள் வழியாகக் காற்றில் இறங்கியாக வேண்டும். காற்று 60 டிகிரி சூடேறி வெளியேறுகிறது என்று வைத்தால் நொடிக்கு 0.83 கிலோ காற்று தேவை. ராமநாதபுரம் கடற்கரையில் 38 டிகிரி வெயிலில் அது முக்கால் கன மீட்டர். ஒவ்வொரு நொடியும் இத்தனை காற்று ஃபின்களுக்கு நடுவே போக வேண்டும், பக்கத்து இடுக்கு வழியாகத் தப்பிவிடக்கூடாது. பாதிப் பிரச்சினை இந்தத் தப்பிப்பதில்தான் இருக்கிறது.

பேஃபிள் தகட்டின் மேல் ஓரத்துக்கும் கவுலிங்குக்கும் நடுவே உள்ள ரப்பர் ஓரம் சுற்றி வந்தால் சுமார் 3 மீட்டர் நீளம். அதில் 2 மி.மீ. இடைவெளி விட்டால் 60 சதுர செ.மீ. ஓட்டை. ஏறும்போது இருக்கும் அழுத்தத்துக்கு அந்த இடுக்கில் மட்டும் நொடிக்கு 0.13 கன மீட்டர் ஓடிப்போகும். மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, எந்தச் சிலிண்டரையும் தொடாமல். கூடவே கீழ் அறையின் அழுத்தத்தையும் அது ஏற்றிவிடுகிறது. நஷ்டம் இரண்டு மடங்கு.

இனி உங்கள் நான்கு சிலிண்டர் கணக்கு. லைகமிங்கில் வலது முன் 1, இடது முன் 2, வலது பின் 3, இடது பின் 4. பின்னால் உள்ள இரண்டும் சூடாவதற்குத் தனித்தனிக் காரணம் இருக்கிறது. ஒரே மருந்து இரண்டுக்கும் வேலை செய்யாது.

3ஆவதைப் பாருங்கள். சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டில் ஒரு பக்கம் ஃபின்கள் ஆழமாக இருக்கும், மறுபக்கம் மிகக் குட்டையாக இருக்கும். வலது வரிசையில் அந்தக் குட்டைப் பக்கம் பின்னோக்கி அமைகிறது, இடது வரிசையில் முன்னோக்கி. அதாவது 3ஆவதன் பின்முகமும் 2ஆவதன் முன்முகமும் ஏறக்குறைய மொட்டைச் சுவர். பின் பேஃபிள் தகடு அந்தச் சுவரில் ஒட்டி உட்கார்ந்துவிட்டால் காற்று இறங்க வழியே இல்லை. டார்ச் அடித்து மேலிருந்து எட்டிப் பாருங்கள். தகட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வெளிச்சம் கீழே தெரியாவிட்டால் அதுதான் உங்கள் 232 டிகிரி. தகட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவில் வாஷர் அடுக்கி 3 மி.மீ. பின்னுக்குத் தள்ளினாலே வித்தியாசம் தெரியும். இன்னும் நல்ல வழி: தகட்டில் அந்த இடத்தை மட்டும் வெட்டி, 10 மி.மீ. ஆழமுள்ள ஒரு தொட்டிபோல மடக்கிய தகட்டை வெளிப்புறமாக ரிவெட் அடியுங்கள். மேலே திறந்து, கீழே ஹெட்டின் அடிவிளிம்பில் திறந்து, நடுவில் மூடியிருக்க வேண்டும். காற்று அந்தத் தொட்டி வழியே இறங்கி ஹெட்டின் பின்முகத்தைத் தழுவிப் போகும். 2ஆவதன் முன் தகட்டிலும் இதையே சிறிய அளவில் செய்யலாம்; ஆனால் அது இப்போது குளிராக இருப்பதால் அவசரமில்லை.

4ஆவதன் கதை வேறு. உங்கள் ஆயில் கூலர் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. பெரும்பாலும் இடது பின் பேஃபிளில், 4ஆவது சிலிண்டருக்கு நேர் பின்னால் மாட்டுவார்கள். அங்கே இருந்தால் சிலிண்டருக்கு வர வேண்டிய காற்றைக் கூலர் தின்கிறது, சிலிண்டர் சூட்டைக் கூலர் வாங்கிக்கொள்கிறது. ஆயில் 112 போனதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். சிலிண்டருக்கும் கூலர் முகத்துக்கும் நடுவே நான்கு விரல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கூலரை, இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலுக்கு மாற்றி, மேல் அறையிலிருந்து 100 மி.மீ. விட்டக் குழாயில் தனியாகக் காற்று கொடுங்கள். குழாய் முடிந்து கூலர் தொடங்கும் இடத்தில் திடீரென அகலக்கூடாது. சரிந்து விரியும் பெட்டி வேண்டும். அது இல்லாமல் குழாயை நேராகக் கூலர் நடுவில் முட்டினால் நடுப்பகுதி மட்டும் குளிரும், நான்கு மூலையும் சும்மா நிற்கும்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கட்டுபவர்கள் அதிகம் விட்டுவிடும் பாகமும் அதுதான்: முன் சிலிண்டருக்கும் பின் சிலிண்டருக்கும் நடுவே அடியில் மாட்டும் இடைத்தகடு. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அது இல்லாவிட்டால் காற்று இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளி வழியாக நேராக விழுந்துவிடும். ஃபின்களின் ஆழத்துக்குள் போகாது, சிலிண்டரின் அடிப்பக்கத்தைச் சுற்றி வராது. ஓவராலுக்கு அனுப்பும்போது இந்தத் தகடுகளைக் கழற்றி எங்காவது போட்டுவிடுவது சகஜம். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. ஸ்ப்ரிங் கம்பியால் இழுத்துக் கட்டி, ஃபின் முனைகளில் தகடு அழுந்தி உட்கார வேண்டும், ஆடக்கூடாது. ஆடும் தகடு ஃபினையே அறுத்துவிடும். கவுலிங்கைக் கழற்றியதும் முதலில் படுத்துக்கொண்டு இதைத் தேடுங்கள்.

1, 2 இரண்டும் 180இல் நிற்பதும் ஒரு செய்தி. வாயிலிருந்து வரும் காற்று முன் சிலிண்டர்களில் நேராக மோதுகிறது. பின்னவை நாற்பது டிகிரிக்கு மேல் கூடுதல். பின்னால் ஒழுகலை அடைத்த பிறகும் இந்த வித்தியாசம் இருந்தால், முன் சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறு தடுப்புத் தகடு நிறுத்தலாம். 40 மி.மீ. உயரத்தில் தொடங்கி, பறந்து பார்த்து, 5 மி.மீ. வீதம் வெட்டிக் குறைத்து நான்கையும் சமப்படுத்துங்கள். நான்கும் 15 டிகிரிக்குள் வந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தரையில் பன்னிரண்டு நிமிட ஓட்டம் குளிரூட்டலுக்கான சோதனையே அல்ல. நிற்கும் விமானத்தில் ப்ரொப்பெல்லரின் அடித்தண்டுப் பகுதி தள்ளும் காற்று மட்டுமே வாயில் நுழைகிறது. எவ்வளவு நல்ல பேஃபிளும் அதில் தோற்கும். ஓவரால் ஆன இன்ஜினுக்கு இது கெடுதலும்கூட. புது பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் பழக, நல்ல சுமையும் நல்ல குளிர்ச்சியும் ஒன்றாக வேண்டும். குறைந்த சுமையில் நீண்ட நேரம் சூடாக ஓட்டினால் சுவரில் ஆயில் கருகி வழவழப்பாகப் படியும், ரிங் உட்காராது, பிறகு வாழ்நாள் முழுக்க ஆயில் குடிக்கும். இனி தரையில் ஓட்டினால் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்புங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கு, மார்கழியில் வடகிழக்கு. கவுலிங் முழுக்க மாட்டியிருக்க வேண்டும். பிளக்குகளுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவைச் சோதிப்பதைத் தவிர 1000–1200 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம். எந்த ஹெட்டாவது 200ஐத் தொட்டால் அணைத்து, ஆறும்வரை விடுங்கள்.

வரம்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினுக்கு ஹெட் வெப்பத்தின் உச்ச வரம்பு 260 டிகிரி. அது தொடக்கூடாத கோடு. அதற்குள் இருந்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். நெடுநாள் உழைக்க வேண்டுமானால் எந்த நிலையிலும் 224ஐத் தாண்டாமலும், சாதாரணமாகப் பறக்கும்போது 204க்குக் கீழேயும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயிலின் உச்சம் 118. ஆனால் 82க்குக் கீழேயும் வைக்காதீர்கள். நம் கடற்கரை ஈரத்தில் ஆயிலுக்குள் சேரும் தண்ணீர் ஆவியாகிப் போக அந்தச் சூடு தேவை.

அந்த 232 உண்மையான 232தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளின் வயரை நீட்டச் சாதாரணச் செம்பு வயர் போட்டிருந்தால் மீட்டர் பொய் சொல்லும். இணைப்பு கவுலிங்குக்குள் 80 டிகிரியிலும் மீட்டர் 35 டிகிரியிலும் இருந்தால், மீட்டர் உண்மையைவிட 45 டிகிரி குறைத்துக் காட்டும். அந்தந்த வகைக்கு உரிய நீட்டிப்பு வயர் கிடைக்கிறது. அதைத்தான் போட வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் ஒரே வகைப் புரோப், ஒரே இடத்தில். ஒன்று ஹெட் துளையில், இன்னொன்று ஸ்பார்க் பிளக் வாஷருக்கு அடியில் என்று கலந்தால் ஒப்பிடவே முடியாது.

இனி வெளியேற்றம். 52 செ.மீ. அகலம் அப்படியே இருக்கட்டும். உயரத்தை 9.5 செ.மீ. ஆக்கினால் 494, குழாய்க்கு 32 போக 462. நுழைவைப்போல 1.2 மடங்கு. ஆனால் ஒரேயடியாக வெட்டாதீர்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்டுவது சிரமம் என்பதால் மட்டுமல்ல. வெளியேற்றம் தேவைக்கு மேல் பெரிதானால் காற்று சோம்பலாக வெளியேறி இழுவையைக் கூட்டும், வேகம் போகும். கீழ்க் கவுலிங்கின் பின் ஓரத்தை 8 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, அளந்து, தேவையானால் இன்னும் வெட்டுங்கள்.

அந்தத் துளையைவிட முக்கியமானது, காற்று திரும்பும் மூலை. ஃபயர்வாலின் அடி விளிம்பு பெரும்பாலும் கத்திபோல நேர்க்கோணத்தில் நிற்கும். மேலிருந்து இறங்கும் காற்று அந்த மூலையில் வளையாமல் பிய்ந்துகொண்டு சுழலும். துளை 10 செ.மீ. இருந்தாலும் பாதிதான் வேலை செய்யும். 0.5 மி.மீ. எஸ்.எஸ். தகட்டை 75 மி.மீ. ஆரத்தில் கால் வட்டமாக வளைத்து, ஃபயர்வாலின் முன்முகத்திலிருந்து வயிற்றுத் தகடு வரை வழுக்கலாகப் போகும்படி ரிவெட் அடியுங்கள். ஒரு நாள் வேலை. இது ஒன்றே பல விமானங்களில் துளையைப் பெரிதாக்காமல் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறது. இதற்குப் பிறகும் ஏறும்போது சூடு நின்றால், கீழ்க் கவுலிங்கின் பின் ஓரத்தில் 30 மி.மீ. அகல உதடு ஒன்றைக் கீழ்நோக்கி 30 டிகிரி சாய்த்து மாட்டிப் பாருங்கள். அதன் பின்னால் அழுத்தம் குறைந்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும். நேராகப் பறக்கும்போது அது இழுவைதான். ஆகவே ஸ்க்ரூவில் மாட்டுங்கள், ரிவெட்டில் வேண்டாம்.

எக்ஸாஸ்ட் குழாய்க்குச் சூடு தடுக்கும் துணி சுற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். மண்டபத்தில் வேண்டாம். அந்தத் துணி உப்பீரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு குழாயை உள்ளுக்குள்ளேயே அரிக்கும், விரிசலையும் மறைக்கும். அதற்குப் பதில் குழாயிலிருந்து 12 மி.மீ. தள்ளி மெல்லிய எஸ்.எஸ். தகட்டை மறைப்பாக நிறுத்துங்கள். பெட்ரோல் பைப் போகும் பக்கத்தில் இது கட்டாயம்.

ரேடியேட்டர் ஃபேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திறந்த வெளியில் அது நிறையக் காற்றைத் தள்ளும். ஃபின்களின் இடுக்கு வழியே தள்ளத் தேவையான அழுத்தம் அதனால் முடியாது. பறக்கும்போது அதன் இறக்கைகளே வழியில் நிற்கும் தடை. எடையும் மின்சாரமும் வீண்.

2 மி.மீ. தகடும் வேண்டாம். 0.8 மி.மீ. போதும். 2024-டி3 அல்லது 6061 கிடைத்தால் நல்லது. கனமான தகடு இன்ஜினோடு ஆடும்போது வளையாது; ஸ்க்ரூ துளையில் வெடிக்கும், இல்லாவிட்டால் ஹெட்டின் காதை உடைக்கும். வளைவுகளில் கூர்மூலை விடாதீர்கள்; 3 மி.மீ. ஆரம் கொடுங்கள். துளை ஓரங்களை அரத்தால் வழவழப்பாக்குங்கள். விரிசல் எப்போதும் பிசிறிலிருந்துதான் தொடங்கும்.

லாரி டியூப் ரப்பர் சூட்டில் இறுகிவிடும், ஆயில் பட்டால் ஊறிக் கொழகொழக்கும். கண்ணாடி நூல் வலை உள்ளே வைத்த சிலிக்கோன் ரப்பர், 2.5 மி.மீ. கனம், 75 மி.மீ. அகலப் பட்டை, மொத்தம் 4 மீட்டர் வாங்குங்கள். தகட்டின் மேல் ஓரத்துக்கும் கவுலிங்குக்கும் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விட்டுத் தகட்டை வெட்டியிருக்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும்; தகடு கவுலிங்கைத் தொட்டால் அறுத்துவிடும். பட்டை உள்நோக்கி, அதாவது அழுத்தம் இருக்கும் பக்கமாக, வளைந்து உட்கார வேண்டும். அப்போதுதான் காற்றே அதைக் கவுலிங்கோடு அழுத்தும். வெளிநோக்கி வளைந்தால் காற்று அதை மடக்கித் திறந்துவிடும். தரையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். வளைவுகளில் பட்டையைக் கீறி, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 20 மி.மீ. ஏறி நிற்கும்படி விடுங்கள். சுருக்கம் விழுந்த இடமெல்லாம் ஓட்டை.

பட்டை தொடுகிறதா என்று பார்க்க, ஓரம் முழுக்கச் சாக்பீஸ் பொடி தடவிக் கவுலிங்கை மாட்டிக் கழற்றுங்கள். உள்ளே வெள்ளைக்கோடு அறுபடாமல் வந்திருக்க வேண்டும். அறுந்த இடம் ஒழுகும் இடம். பிறகு இருட்டியதும் கீழ் அறையில் ஒரு எல்இடி விளக்கை வைத்து, முன் வாய் வழியே மேல் அறையைப் பாருங்கள். வெளிச்சம் ஃபின்களின் நடுவே மட்டும் வரலாம். ரிங் கியருக்குப் பின்னால், வாயின் உட்சரிவுக்கும் முன் பேஃபிளுக்கும் நடுவே, ஸ்பார்க் பிளக் வயர் நுழையும் துளைகளில், தகடு கிரேங்க் கேஸைத் தொடும் மூலைகளில் வந்தால் சூடு தாங்கும் சிலிக்கோன் பசையால் அடையுங்கள். புகை விட்டுப் பார்க்கலாமே என்று ஊதுபத்தியோ சாம்பிராணியோ கொண்டுபோகாதீர்கள். கவுலிங்குக்குள் பெட்ரோல் ஆவி இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் அளக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை, வெட்டிக்கொண்டே போகிறார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் நான்கு மீட்டர் போதும். ஆங்கில யு எழுத்துபோல வளைத்துப் பலகையில் கட்டி, நிறம் கலந்த தண்ணீர் ஊற்றி, அளவுகோல் ஒட்டுங்கள். ஒரு முனை மேல் அறைக்கு, மறுமுனை கீழ் அறைக்கு. இரண்டு தண்ணீர் மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அழுத்தம். அறைக்குள் போகும் முனையில் காற்று நேராக மோதக்கூடாது. மெல்லிய அலுமினியக் குழாயின் நுனியை அடைத்து, பக்கவாட்டில் 1 மி.மீ. துளை பத்துப் போட்டு, காற்று மெதுவாக இருக்கும் மூலையில் கட்டுங்கள். ஃபயர்வாலைக் கடக்கும் இடத்தில் பிளாஸ்டிக் கூடாது. உலோக இணைப்பு போட்டு, தீத்தாங்கும் பசையால் அடையுங்கள். பழைய வேகமானி ஒன்று கிடைத்தால் இன்னும் சுலபம். அதன் பிட்டாட் துளையை மேல் அறைக்கும் ஸ்டாட்டிக் துளையைக் கீழ் அறைக்கும் கொடுத்தால் அதுவே அழுத்தமானி. முள் 67 நாட் (மணிக்கு 67 கடல்மைல்) காட்டினால் 75 மி.மீ. தண்ணீர் என்று பொருள்.

ஒப்பிட இந்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள். 70 நாட்டில் காற்றின் மோதல் அழுத்தம் 81 மி.மீ., 85இல் 119, 100இல் 165. மேல் அறையில் இதில் ஐந்தில் நான்கு பங்காவது பிடிபட வேண்டும். கீழ் அறை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மேலே குறைந்தால் ரப்பரும் வாயும் ஒழுகுகின்றன. கீழே கூடினால் வெளியேற்றம் போதவில்லை. எதைத் திருத்துவது என்று அப்போது தெரிந்துவிடும். இன்னொன்றும் இந்த எண்களில் இருக்கிறது: 70 நாட்டில் ஏறுவதற்குப் பதில் மூக்கைக் கொஞ்சம் இறக்கி 85இல் ஏறினால், காசு செலவில்லாமல் அழுத்தம் ஒன்றரை மடங்காகிறது.

இதெல்லாம் பறந்தால்தான் அளக்க முடியும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அனுமதியும் பரிசோதனையும் முடியாமல் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பவே கூடாது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளம் இருக்கிறது, எதிரே இலங்கை எல்லை. உப்பளம், கடற்கரை, காலி ரோடு என்று எங்கும் ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். அனுமதி கிடைத்ததும் முதல் சில பறப்புகள் ஓடுதளத்தின் மேலேயே வட்டமடிக்கட்டும். பாக் நீரிணைப் பக்கம் திரும்ப வேண்டாம். இன்ஜின் திணறினால் இறங்க அங்கே தரையில்லை. ஏறும்போது மிக்சர், அதாவது பெட்ரோல்–காற்றுக் கலவை, முழுக்க ரிச்சில் (பெட்ரோல் கூடுதலாக) இருக்கட்டும். முழுத் திறனில் மணிக்கு 45 லிட்டருக்குக் கீழே ஓடினால் கார்புரேட்டரைப் பாருங்கள். மேக்னெட்டோ டைமிங் இன்ஜின் தகட்டில் பொறித்தபடி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். டைமிங் முந்தினாலும் மிக்சர் மெலிந்தாலும் ஹெட் சூடாகும். அதற்குப் பேஃபிளைக் குறை சொல்லக்கூடாது. மார்கழியில் 26 டிகிரியில் சோதித்தால், காட்டும் ஹெட் வெப்பத்தோடு 12 டிகிரி கூட்டுங்கள். வைகாசி வெயிலில் 38இல் அதுதான் வரும்.

உப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது உங்களுக்கு. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. பேஃபிள் தகடுகளை வெட்டித் துளையிட்ட பிறகு, மாட்டுவதற்கு முன், இரசாயனப் பூச்சும் எபாக்சி பிரைமரும் கொடுங்கள். வெட்டிய ஓரங்கள் விடுபடக்கூடாது. எஸ்.எஸ். ஸ்க்ரூ அலுமினியத்தை நேராகத் தொட்டால் உப்பீரத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் போகும்; ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அரிப்புத் தடுப்புப் பசை தடவுங்கள். ஃபின்களிலும் ஆயில் கூலரிலும் உப்பும் மணலும் சேர்ந்து படியும். மாதம் ஒருமுறை, ஆறிய இன்ஜினில், மேக்னெட்டோவையும் கார்புரேட்டரையும் மூடிக்கட்டி, நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவிக் காற்றடித்து உலர்த்துங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். சிலிண்டர் குழல் எஃகு. வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால் துருப்பிடிக்கும், உள்ளே கேம் தண்டும் பிடிக்கும். கையால் ப்ரொப்பெல்லரைச் சுற்றிவிடுவது உதவாது, ஆயில் படலத்தைத் துடைத்துவிடும், ஆபத்தும்கூட. நீண்ட நாள் நிறுத்துவதானால் பாதுகாப்பு ஆயில் ஊற்றி, பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் பிளக் மாட்டுங்கள்.

வாய் இரண்டுக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பு வெட்டி, சிவப்புத் துணி தொங்கவிடுங்கள். தோப்பில் மைனா ஒரே நாளில் சிலிண்டர்மேல் தென்னை நாரை நிரப்பிவிடும். அது அடைப்பு மட்டுமல்ல, எரியும். அழுத்தம் அளக்கும் குழாயின் துளைகளையும் மூடி வையுங்கள். குளவி அங்கே மண் வைத்துவிட்டால் முள் அசையாது, நீங்கள் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது செய்ய வேண்டிய வரிசை: முதலில் இடைத்தகடு இருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு 3ஆவதன் பின்முகம், பிறகு ரப்பர் ஓரமும் மூலைகளும், பிறகு ஃபயர்வால் வளைவு, கடைசியில் வெளியேற்றத்தை 8 செ.மீ. ஆக்குவது. இதற்குள் ஆயில் கூலர் இருக்கும் இடத்தையும், அதற்கும் 4ஆவது சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பொறுத்துத்தான் கூலரை ஃபயர்வாலுக்கு மாற்றுவதா, இருக்கும் இடத்திலேயே பெட்டி வைத்துச் சமாளிப்பதா என்று சொல்ல முடியும்.